கேட்டி லெடெக்கி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரியோ ஒலிம்பிக்கின் 800 மீட்டர் இறுதியைத் தொலைக்காட்சியில் பார்த்த பலருக்கும் ஒரே சந்தேகம்: மற்ற ஏழு பேர் எங்கே? கேமரா முன்னணி வீராங்கனையை நெருங்கிக் காட்டியபோது திரையில் அவர் ஒருவர்தான் இருந்தார். அந்த அமெரிக்கரைப் பற்றியும், அவர் நீந்தும் நெடுந்தூரப் பந்தயங்களைப் பற்றியும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம்.

யார் இவர்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

கேத்லீன் ஜெனிவீவ் லெடெக்கி. 1997 மார்ச் 17 அன்று வாஷிங்டன் டி.சி.யில் பிறந்தவர், வளர்ந்தது பக்கத்தில் மேரிலாந்தின் பெத்தெஸ்டாவில். ஃப்ரீஸ்டைல் மட்டுமே இவரது களம். 200 மீட்டரிலிருந்து 1500 வரை எல்லாத் தூரங்களிலும் உலகத் தங்கம் வென்றிருந்தாலும், இவரது சொந்த வீடு 800ம் 1500ம்தான்.

ஒலிம்பிக்கில் 14 பதக்கங்கள்: 9 தங்கம், 4 வெள்ளி, 1 வெண்கலம். ஒன்பது தங்கம் வென்ற ஒரே இன்னொரு பெண், சோவியத் ஜிம்னாஸ்ட் லரிசா லத்தினினா. உலக சாம்பியன்ஷிப்பில் 2025 சிங்கப்பூர் வரை 23 தங்கம்.

நீச்சலுக்கு எப்படி வந்தார்? பிறவித் திறமையா?

அம்மா மேரி ஜென் நியூ மெக்சிகோ பல்கலைக்கழக அணியில் நீந்தியவர். அண்ணன் மைக்கேலோடு ஆறு வயதில் வீட்டுப் பக்கத்துக் கோடைகால நீச்சல் மன்றத்தில் சேர்ந்தார். முதல் பந்தயத்தில் குளத்தின் ஒரு நீளத்தைக்கூட ஒரே மூச்சாக முடிக்கவில்லை. இடையில் லேன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் கரை சேர்ந்தார்.

உடல்வாகைக் காரணம் காட்டுபவர்கள் உண்டு. ஆறடி உயரம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் சர்வதேச இறுதிப் போட்டியில் நிற்கும் எட்டுப் பேரில் பாதிக்கு மேல் அந்த உயரத்தை ஒட்டித்தான் இருப்பார்கள். பிரம்மாண்டக் கைகளோ, வழக்கத்துக்கு மாறான பாதங்களோ இவருக்கு இல்லை.

15 வயதில் லண்டனில் எப்படி ஜெயித்தார்?

2012 ஆகஸ்ட் 3. அமெரிக்க அணியிலேயே வயதில் மிகச் சின்னவர். 800 மீட்டர் இறுதியில் பக்கத்தில் நின்றது உள்ளூர் நாயகி ரெபெக்கா ஆட்லிங்டன், அப்போதைய உலக சாதனை (8:14.10) அவருடையது. அரங்கம் முழுக்க அவர் பெயரையே கத்தியது. தொடக்கத்திலிருந்தே லெடெக்கி முன்னால் போனார். பாதி தூரத்தில் உலக சாதனை வேகத்தைவிட வேகம். "இந்தப் பெண் கடைசியில் படுத்துவிடும்" என்று எதிர்பார்த்தவர்கள்தான் ஏமாந்தார்கள். 8:14.63. ஸ்பெயினின் மிரெயா பெல்மோன்டே நாலு நொடிக்குப் பின்னால் வந்தார், ஆட்லிங்டனுக்கு வெண்கலம். ஜேனட் எவன்ஸ் 1989இல் வைத்த அமெரிக்க சாதனை (8:16.22) 23 வருடம் கழித்து அன்று உடைந்தது.

அவர் நீந்தும் விதத்தில் என்ன விசேஷம்?

மூன்று விஷயங்கள்.

ஒன்று, குதிரை ஓட்டம் போன்ற கைவீச்சு. பெரும்பாலான பெண்கள் நெடுந்தூரத்தில் இரு கைகளையும் கடிகார ஊசல்போலச் சீராக வீசுவார்கள். லெடெக்கி பெரும்பாலும் வலது பக்கமே மூச்சு எடுப்பவர். மூச்சு எடுக்கும் அந்தத் தருணத்தில் முன்னே நீட்டிய இடது கை ஒரு கணம் நீண்டு வழுக்கி நிற்கும், பிறகு உடல் முழுவதும் இடுப்பிலிருந்து உருண்டு அதன்மேல் பாயும். 'தட்... தட்தட்... தட்' என்ற சமச்சீரற்ற தாளம். மைக்கேல் ஃபெல்ப்ஸ் போன்ற ஆண்களிடம் பார்த்த பாணி இது. இழுப்பு ஒவ்வொன்றுக்கும் அதிக தூரம் கிடைக்கும். ஆனால் இடுப்புச் சுழற்சியும் வயிற்றுத் தசையும் பலவீனமாக இருந்தால் இதே பாணி வேகத்தைக் குறைக்கும்: வழுக்கும் கணத்தில் உடல் நின்றுவிடும், அடுத்த இழுப்பில் நின்ற வண்டியைத் தள்ளுவதுபோல் ஆகும். இவரைப் பார்த்துப் பாணியை மாற்றும் பிள்ளைகள் பெரும்பாலும் மாட்டுவது இங்கேதான்.

இரண்டு, முழங்கை. நீருக்குள் கை இறங்கியதும் முழங்கை மேலேயே நிற்க, முன்கை செங்குத்தாகித் துடுப்பாக மாறுகிறது. முழங்கை தாழ்ந்துவிட்டால் கை நீரைப் பின்னால் தள்ளாது, கீழே அமுக்கும். உடல் மேலே எழும்பும், முன்னே போகாது. 600 மீட்டருக்குப் பிறகு யாருடைய முழங்கை சரிகிறது என்று பாருங்கள். பந்தயம் அங்கேதான் தீர்மானமாகிறது.

மூன்று, கால்கள். தொடைதான் உடலின் பெரிய தசை, ஆக்சிஜனை அதுதான் அதிகம் தின்னும். எட்டு நிமிடம் முழு வேகத்தில் உதைத்தால் கைக்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால் பந்தயத்தின் பெரும்பகுதியில் உதை மிதமாகவே இருக்கும். கடைசி 100இல் தான் முழு உதை.

பந்தய வேகத்தை எப்படிப் பிரிக்கிறார்?

எங்களைக் கேட்டால் அவரது முழு வாழ்க்கையும் இந்த ஒரு கேள்வியில் அடங்கும். அவர் யாரையும்விட வேகமாக நீந்துகிறார் என்பதைவிட, அவர் வேகம் குறைவதில்லை என்பதுதான் சரி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 மீட்டரில் அவரது சிறந்த நேரம் 3:56.46, நூறு மீட்டருக்குச் சராசரி 59.1 நொடி. 800இல் 8:04.12; நூறுக்கு 60.5. 1500இல் 15:20.48, நூறுக்கு 61.4. தூரம் கிட்டத்தட்ட நான்கு மடங்காகிறது, நூறு மீட்டருக்கு இழப்பது 2.3 நொடி மட்டுமே.

800 என்பது 50 மீட்டர் குளத்தில் 16 நீளம். 8:04.12 என்றால் ஒரு நீளத்துக்கு 30.26 நொடி. மேடையிலிருந்து குதிப்பதால் முதல் 50 மட்டும் கொஞ்சம் விரைவாக வரும். மீதி 15 நீளமும் முப்பதை ஒட்டியே ஓடவேண்டும். ஒரு நீளம் 31ஐத் தாண்டினால் அரை நொடிக்கு மேல் போயிற்று. அதை ஒரே நீளத்தில் திரும்ப எடுக்கப் போனால் ரத்தத்தில் லாக்டேட் (கடும் உழைப்பில் தசையிலிருந்து வரும் பொருள்) ஏறும், அடுத்த நான்கு நீளம் அதற்கு வட்டி கட்டவேண்டும்.

வழக்கமாக நடக்கும் தப்பு என்ன? முதல் 200 சுலபமாகத் தெரியும். குதித்த வேகம், பந்தயத்துக்கு முன் பயிற்சியைக் குறைத்ததால் ('டேப்பர்') வந்த புத்துணர்வு, கூட்டத்தின் சத்தம். நூறுக்கு ஒரு நொடி அதிகம் கொடுத்தால் 200இல் தெரியாது, 500இல் தோள் கனக்கும்போது தெரியும்.

'565' என்றால் என்ன?

2012க்குப் பிறகு நான்கு வருடம் லெடெக்கிக்குப் பயிற்சி தந்தவர் புரூஸ் ஜெம்மெல். அடிப்படையில் பொறியாளர், எண்களில் யோசிப்பவர். ரியோவுக்கு இருவரும் குறித்த இலக்கு: 400 மீட்டரை 3:56இல், 800ஐ 8:05இல். அந்த 56ஐயும் 5ஐயும் சேர்த்து எழுதினால் 565. பயிற்சியில் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொள்ளும் நுரைக்கட்டை ஒன்று உண்டு, 'புல் பாய்' என்பார்கள். காலை மிதக்கவிட்டுக் கையால் மட்டும் நீந்த உதவுவது. அதன்மேல் அந்த எண்ணை எழுதி வைத்துக்கொண்டார். அர்த்தம் தெரியாதவருக்கு அது ஏதோ லாக்கர் எண்.

ரியோவில் வந்த நேரங்கள்: 3:56.46, 8:04.79. இரண்டும் உலக சாதனை.

ரியோ 800இல் எவ்வளவு முன்னால் இருந்தார்?

இரண்டாவது வந்த பிரிட்டனின் ஜாஸ் கார்லின் 11.38 நொடி பின்னால். கார்லினின் சராசரி வேகத்தில் அது ஏறக்குறைய 18 மீட்டர். திரை காலியாகத் தெரிந்ததற்குக் காரணம் இதுதான். அதே ரியோவில் 200 மீட்டரில் சுவீடனின் சாரா ஷோஸ்ட்ரோமை 0.35 நொடியில்தான் முந்தினார். கடைசி நீளத்தில் வாந்தி வரும்போல் இருந்தது என்று பின்னர் சொன்னார். 200 அவருக்கு எப்போதுமே கொஞ்சம் கடன் வாங்கிய தூரம்.

பயிற்சி எப்படி இருக்கும்? ஒரு நாளுக்கு எத்தனை கிலோமீட்டர்?

நெடுந்தூர நீச்சலில் உச்ச நிலையில் இருப்பவர்கள் பொதுவாக ஒரு அமர்வில் 6 முதல் 8 கிலோமீட்டர், வாரத்துக்கு எட்டு முதல் பத்து அமர்வு நீந்துவார்கள். அதோடு குளத்துக்கு வெளியே எடைப் பயிற்சி. பள்ளி நாட்களில் லெடெக்கி விடியற்காலை நாலு மணியை ஒட்டி எழுந்து குளத்துக்குப் போனவர்.

தூரத்தைவிட முக்கியம் அது எப்படிப் பிரிக்கப்படுகிறது என்பது. கரும்பலகையில் '30 × 100, 1:15' என்று எழுதியிருந்தால் அர்த்தம் இது: 75 நொடிக்கு ஒருமுறை ஒரு நூறு மீட்டர் தொடங்கவேண்டும். 1:05இல் முடித்தால் 10 நொடி ஓய்வு. 1:10 ஆனால் 5 நொடி. முடிக்க 75 ஆகிவிட்டால் ஓய்வே கிடையாது. புதியவர் முதல் ஐந்தை 1:02இல் போய்விட்டுப் பதினைந்தாவதில் 1:11க்கு வந்து நிற்பார். இந்தப் பயிற்சியில் நல்ல கோச் பார்ப்பது மிக வேகமான நூறை அல்ல. வேகமானதுக்கும் மெதுவானதுக்கும் உள்ள இடைவெளியை. அது இரண்டு நொடிக்குள் இருந்தால் பிள்ளை தயார்.

மாவட்ட அளவில் நீந்தும் 14 வயதுப் பிள்ளைக்கு இதே பயிற்சியை 12 × 100, 1:45 என்று குறைத்துக்கொள்ளலாம். விதி மாறாது: கடைசி நான்கும் முதல் நான்கும் ஒரே நேரத்தில் வரவேண்டும்.

இவ்வளவு நீந்தினால் தோள் போய்விடாதா?

போகும், கவனிக்காவிட்டால். ஒரு நீளத்துக்கு 40 கைவீச்சு என்று வைத்தாலும் 7 கிலோமீட்டரில் 140 நீளம், அதாவது 5,600 வீச்சு. ஒவ்வொரு தோளும் 2,800 முறை சுழல்கிறது. ஒரே அமர்வில்! கை நீரில் இறங்கும்போது கட்டைவிரல் முதலில் குத்துவது, தலைக்கு முன்னே நடுக்கோட்டைத் தாண்டிக் கை குறுக்கே போவது, இந்த இரண்டும்தான் தோள்வலிக்கு முக்கியக் காரணங்கள். ஒரு பக்கமே மூச்சு எடுப்பவர்களுக்கு எதிர்த் தோளில் சுமை அதிகம். அதனால் பந்தயத்தில் ஒரு பக்கம் எடுத்தாலும் மெதுவான பயிற்சியில் இரு பக்கமும் எடுக்கச் சொல்வார்கள்.

பயிற்சியாளர்களை ஏன் இத்தனை முறை மாற்றினார்?

சண்டை எதுவும் இல்லை. யூரி சுகியாமா லண்டன் வரை. அவர் கலிஃபோர்னியாவுக்கு வேலைக்குப் போனார். ஜெம்மெல் ரியோ வரை. பிறகு ஸ்டான்ஃபோர்டில் படிக்கப் போனதால் கிரெக் மீஹன், டோக்கியோ வரை. 2021இலிருந்து புளோரிடாவில் ஆண்டனி நெஸ்டி. குட்டி நாடான சுரினாமுக்காக 1988 சியோலில் 100 மீட்டர் பட்டர்ஃபிளை தங்கத்தை 0.01 நொடியில் வென்றவர் அவர். புளோரிடாவில் லெடெக்கியின் பயிற்சித் துணைகள் ஆண்கள். 1500இல் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற பாபி ஃபிங்க் அவர்களில் ஒருவர். பெண்களில் அவர் வேகத்துக்குத் தினமும் ஈடுகொடுக்க ஆள் கிடைப்பது கஷ்டம்.

தலையில் பால் டம்ளரோடு நீந்திய வீடியோ நிஜமா?

நிஜம். 2020 ஆகஸ்டில் வந்தது. தலையில் ஒரு டம்ளர் சாக்லேட் பால், வாயில் முன்பக்க ஸ்னார்கெல் (மூச்சு விடும் குழாய்), ஒரு துளி சிந்தாமல் குளத்தின் ஒரு நீளம். பால் விளம்பரம்தான். ஆனால் அதில் ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது: உடல் எவ்வளவு உருண்டாலும் தலை அசையக்கூடாது. பிள்ளைகளுக்கு டம்ளர் வேண்டாம். காலியான சின்ன பிளாஸ்டிக் கப்பை நெற்றியில் வைத்து மல்லாந்து நீந்தச் சொல்லுங்கள். விழுந்தால் தலை ஆடுகிறது என்று அர்த்தம்.

கடும் பயிற்சிக்குப் பிறகு சாக்லேட் பால் குடிப்பதிலும் காரணம் உண்டு: தசையில் சேமித்திருந்து தீர்ந்துபோன சர்க்கரைக்கு (கிளைக்கோஜன்) மாவுச்சத்தும், தசைக்குப் புரதமும் ஒரே டம்ளரில்.

அவருக்கு ஏதோ உடல்நலப் பிரச்சினை என்கிறார்களே?

உண்டு. 2015இல் அது கண்டறியப்பட்டதாக 2024இல் வெளியான தன்வரலாற்றில் அவரே சொன்னார். பெயர் 'போஸ்டுரல் ஆர்த்தோஸ்டேட்டிக் டாக்கிகார்டியா சிண்ட்ரோம்', சுருக்கமாக 'பாட்ஸ்' (POTS). எழுந்து நிற்கும்போது ரத்தம் காலில் தேங்கி, அதை ஈடுகட்ட பத்து நிமிடத்துக்குள் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 30 துடிப்போ அதற்கு மேலோ கூடிவிடும்; தலைசுற்றல், மயக்கம், சோர்வு. அதிகத் தண்ணீர், மருத்துவர் சொன்ன அளவில் உப்பு, இறுக்கமான காலுறை, உடற்பயிற்சி, இவைதான் சமாளிக்கும் வழிகள். நீச்சல் இதற்கு ஒத்துவரும் பயிற்சி: உடல் படுத்த நிலையில் இருக்கிறது, நீரின் அழுத்தமே காலுறை வேலையைச் செய்கிறது. சிரமம் பந்தயம் முடிந்து ஏறி நிற்கும்போதுதான்.

1500இல் ஏன் ஒலிம்பிக் தங்கம் இவ்வளவு தாமதமாக வந்தது?

பந்தயமே இல்லை, அதனால்! ஆண்களுக்கு 1500 மீட்டர் 1908 முதல் ஒலிம்பிக்கில் உண்டு. பெண்களுக்கு 1968இல் 800 வந்தது. அவ்வளவுதான் அவர்களால் முடியும் என்று விட்டுவிட்டார்கள். உலக சாம்பியன்ஷிப்பில் 2001இலிருந்து பெண்கள் 1500 நீந்தியும், ஒலிம்பிக் டோக்கியோவில்தான் (2021) கதவைத் திறந்தது. ரியோவின்போது உலக சாதனை லெடெக்கியிடம் இருந்தது. கைக்கு வரவேண்டிய ஒரு தங்கம் அட்டவணையால் போயிற்று என்பது எங்கள் கருத்து.

டோக்கியோவில் அதே காலையில் முதலில் 200 இறுதி, அதில் ஐந்தாவது இடம். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனதும் 1500 இறுதி, 15:37.34இல் தங்கம். இடைப்பட்ட நேரத்தில் செய்வது ஓய்வல்ல: பக்கத்துக் குளத்தில் மெதுவாக நீந்தி லாக்டேட்டைக் கரைப்பார்கள், கொஞ்சம் மாவுச்சத்து உள்ளே போகும். உட்கார்ந்துவிட்டால் தசை இறுகும். 2015 கசானில் நிலைமை இன்னும் மோசம்: 1500இல் உலக சாதனை, சுமார் அரை மணி நேரத்தில் 200 அரையிறுதி. தப்பித்து இறுதிக்குப் போய், மறுநாள் அதையும் வென்றார்.

யாரிடமெல்லாம் தோற்றிருக்கிறார்?

400இல் ஆஸ்திரேலியாவின் ஆரியார்ன் டிட்மஸிடம்: 2019 குவாங்ஜு, 2021 டோக்கியோ, 2023 ஃபுகுவோகா, 2024 பாரிஸ். டோக்கியோவில் 3:57.36 நீந்தியும் வெள்ளிதான். டிட்மஸ் கடைசிப் பகுதியில் முந்தி 3:56.69. குவாங்ஜுவில் உடல்நிலை கெட்டு 200, 1500 இரண்டிலிருந்தும் விலகி, கடைசியில் 800ஐ மட்டும் வென்றார். 800இல் பதிமூன்று வருடத்துக்கும் மேலாக எந்த இறுதியிலும் தோற்காதவரை 2024 பிப்ரவரியில் கனடாவின் சம்மர் மெக்கின்டோஷ் முந்தினார்.

பாரிஸ்?

1500இல் 15:30.02, ஒலிம்பிக் சாதனை. 800இல் 8:11.04, டிட்மஸ் 1.25 நொடி பின்னால். நாள் ஆகஸ்ட் 3, லண்டன் தங்கத்துக்குச் சரியாக 12 வருடம். ஒரே பந்தயத்தை நான்கு ஒலிம்பிக்கில் தொடர்ந்து வென்ற முதல் நீச்சல் வீராங்கனை ஆனார்.

27 வயதோடு முடிந்துவிட்டதா?

2025 மே 3, ஃபோர்ட் லாடர்டேல்: 8:04.12. ஒன்பது வருடம் முன்பு வைத்த தன் சொந்த உலக சாதனையை 28 வயதில் 0.67 நொடி குறைத்தார். மூன்று மாதம் கழித்து சிங்கப்பூர் உலக சாம்பியன்ஷிப்பில் 800: லெடெக்கி 8:05.62, ஆஸ்திரேலியாவின் லானி பாலிஸ்டர் 8:05.98, மெக்கின்டோஷ் 8:07.29. ரியோவில் 18 மீட்டராக இருந்த இடைவெளி அரை மீட்டரைச் சற்றுத் தாண்டியது. சிங்கப்பூர்த் தமிழர்கள் அதைத் தங்கள் ஊரிலேயே பார்க்க வாய்த்தது. பெண்கள் 800இன் மிகச் சிறந்த பந்தயம் அதுதான் என்று சொல்லத் தயங்கமாட்டோம். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் வரை நீந்துவதாகச் சொல்லியிருக்கிறார்.

பணம்?

ஒரு ஒலிம்பிக் தங்கத்துக்கு அமெரிக்க ஒலிம்பிக் குழு தருவது 37,500 டாலர். கல்லூரி அணியில் நீந்தவேண்டும் என்பதற்காக ரியோவுக்குப் பின் விளம்பர ஒப்பந்தங்களைத் தள்ளிவைத்தார். 2018இல்தான் தொழில்முறை வீராங்கனை ஆனார். உளவியல் பட்டப்படிப்பையும் முடித்தார்.

16 நீளத்தை எண்ணுவதில் தப்பு வராதா?

வரும். அதனால்தான் 800, 1500இல் மட்டும் திரும்பும் முனையில் மீதமுள்ள நீளங்களைக் காட்டும் எண் பலகை வைக்கிறார்கள். முன்னணியில் இருப்பவருக்கு இரண்டு நீளமும் ஐந்து மீட்டரும் மிச்சமிருக்கும்போது மணி அடிக்கும் அல்லது விசில் ஊதும்.

பழைய பந்தயங்களை யூடியூபில் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

ஒலியை அணைத்துவிட்டு, கையில் ஒரு ஸ்டாப்வாட்ச். ஒவ்வொரு முறை அவர் கால் சுவரில் படும்போதும் அழுத்திக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கத்து லேன்காரருக்கும் அதேபோல். இரண்டு பட்டியலையும் பக்கம் பக்கமாக வைத்தால், ஏழாவது நீளத்திலிருந்து பன்னிரண்டாவது வரை ஒரு பட்டியலில் எண்கள் மெல்ல ஏறும், இன்னொன்றில் ஏறாது. திரையில் உலக சாதனைக் கோடு ஓடினால் அதையும் பாருங்கள். ரியோவில் அந்தக் கோடு அவருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது.